பார்சல் கடையில் ஒரு பெரட்டு

மலேசியாவில் பகாவைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் பெரட்டு அண்ணனுக்குத் தெரியாமல் யாருக்கும் தலைவலி வந்ததில்லை. வந்திருந்தால் அது தலைவலியாக இருக்காது.

அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. சட்டையில் ஒரு பேர் குத்தியிருப்பார். யாரும் படித்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பார்சல் கடை. கவுண்டரில் அவர் மட்டும்தான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு பார்சல் வண்டி வராது. எந்தத் தோட்டம் என்று எழுத மாட்டேன். காரணம் பின்னால் தெரியும். எல்லாத் தோட்டத்துப் பார்சலும் அந்தக் கடையில் இறங்கும். நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். பார்சல் சீட்டில் பேர், தோட்டம், போன் நம்பர் எல்லாம் இருக்கும்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூப்பிடுவது. கணக்கெழுதுகிற கிராணி பேர் வாசிப்பார். 'இருக்கேன்' என்று சொன்னால் அன்றைக்கு வேலை. அண்ணனுடைய அப்பா ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவர். லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி ஆள் எழுப்புவாராம். அந்தத் தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்குக் குரல் இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. பார்சல் சீட்டில் ஆள் கிடைத்தது.

சீட்டில் இருந்த நம்பரையெல்லாம் தன் போனில் ஏற்றினார். வாட்ஸ்ஆப்பில் குரூப் திறந்தார். யாரையும் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு அவர் குரல் வரும். குண்டு லெட்சுமி, கண்ணாடி லெட்சுமி, புது லெட்சுமி என்று பேர் பேராக வாசிப்பார். 'இருக்கேன்' என்று நாமும் பேசிப் பதில் போட வேண்டும். எழுதிப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். போடாவிட்டால் ஏழு மணிக்கு போன் அடிப்பார். அதற்கும் மசியாவிட்டால் எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார்.

பார்சல் வந்திருந்தால் அதையும் பெரட்டிலேயே சொல்வார். எங்கள் மண்டோருக்கு ஐம்பத்தெட்டு வயது. தலை காக்கா மாதிரி கறுப்பு. பரம்பரை முடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் இருநூறு பேர் கேட்க அண்ணன் சொன்னார், "மண்டோரே, டை ரெண்டு பாட்டில் வந்திருக்கு. போன மாசம் வாங்குனது அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" மண்டோர் ஒரு வாரம் தொப்பி போட்டு வேலைக்கு வந்தார்.

பார்சல் எடுக்க ஐசி, அதாவது அடையாள அட்டை, காட்ட வேண்டும். ஐசி நம்பரில் முதல் ஆறு எண்ணும் பிறந்த தேதி. அதை ஒரு பார்வை பார்த்தால் போதும், சாகும்வரை மறக்க மாட்டார். பிறந்த நாள் வந்தால் வயதோடு சேர்த்து வாழ்த்துவார். புது லெட்சுமிக்கு முப்பத்தைந்து என்று சொல்லி மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். 'நாப்பத்திரெண்டு முடிஞ்சு நாப்பத்திமூணு, நல்லா இரும்மா' என்று வாழ்த்தினார். மாப்பிள்ளையும் அந்தக் குரூப்பில் இருந்தான்.

சிரம்பானிலிருந்து பார்சல் கம்பெனியின் பெரிய ஆபீஸ்காரர் வந்து, வாடிக்கையாளர் நம்பரை இப்படி எடுக்கக் கூடாது என்று சத்தம் போட்டாராம். அண்ணன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நம்பரையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஆறு மணிக்கு அவர் பேரும் வந்தது.

ஏன் யாரும் விலகவில்லை என்று கேட்கலாம். ஒரு காலையில் தனியாக இருக்கிற ஒரு கிழவர் பதில் போடவில்லை. அண்ணன் போய்ப் பார்த்தால் குளியலறையில் விழுந்து கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். கிழவர் பிழைத்தார். அதற்குப் பிறகு திட்டிக்கொண்டே எல்லாரும் 'இருக்கேன்' சொன்னார்கள்.

நான் வடக்கே கெடாவிலிருந்து வந்தவள். மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பையோடு வந்தேன். என் இடது கை முழுசாக நிமிராது. வீட்டுக்காரன் செய்தது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மகளைத் தூக்கிப் போய்விடுவேன் என்று முன்னமே சொல்லியிருந்தான். போன் நம்பர் மாற்றினேன். அந்த நம்பர் பள்ளிக்கூடத்துக்கும் மண்டோருக்கும் மட்டும்தான் தெரியும்.

மகளுக்கு ஸ்கூல் ஷூ போனிலேயே வாங்கினேன். சீட்டில் நம்பர் போடாமல் பார்சல் வராது. போட்டேன். ஷூ வந்தது. அடுத்த நாள் காலையில் நானும் பெரட்டில் இருந்தேன். ஐசியில் இருந்த ஊரையும் சேர்த்து 'கெடா பாக்கியம்' என்று வாசித்தார். நான் பதில் போடவில்லை. ஏழு மணி போனையும் எடுக்கவில்லை. எட்டு மணிக்கு மோட்டார் வந்து நின்றது.

"ஏம்மா, பேர் கூப்பிட்டா ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? பயந்துட்டேன் லா."

எனக்காக ஒரு ஆள் பயந்து ரொம்ப நாளாகியிருந்தது. மறுநாள் 'இருக்கேன்ண்ணே' என்று பேசிப் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

லிங்கியிலிருந்து லாரி ஓட்டுகிற ஒருவன் எப்போதோ அந்தக் கடையில் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறான். அண்ணன் ஒரு தடவை ஏற்றிய பேரை இறக்க மாட்டார். அவன் என் வீட்டுக்காரனுக்குச் சித்தி மகன். கெடா பாக்கியம் என்ற பேரைக் கேட்டான். என் குரலையும் கேட்டான். கேட்டதை, குரூப்பில் தெரிந்த என் நம்பரோடு, அப்படியே கெடாவுக்கு அனுப்பிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"பாக்கியம். குரல் மாறவே இல்ல," என்றான் என் வீட்டுக்காரன். "பகாவ் பார்சல் கடையாமே. சனிக்கிழமை வர்றேன்."

போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். உள்ளே கிடந்து அதிர்ந்தது. அரிசி சரசரத்தது. டின்னைத் திறக்கப் பயம். மூன்று நாள் சோறு ஆக்கவில்லை, ரொட்டிதான். ஏன் என்று மகள் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பையில் ஒரு மாற்றுச் சட்டையை வைத்துக்கொண்டாள்.

எனக்கு நம்பரைவிடச் சுவர்தான் பயம். அந்தக் கடைச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கும். அதில் எல்லார் பேரும், தோட்டமும், வீட்டு நம்பரும் மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். உள்ளே வருகிற யாரும் படிக்கலாம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஓடினேன்.

"அண்ணே, என் பேரைச் சுவத்துலேருந்து எடுங்க."

எல்லாரும் சேர்க்கத்தான் சொல்வார்கள், எடுக்கச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று சிரித்தார். நான் கையைக் காட்டினேன். பகாவில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நாலு வார்த்தைதான். சனிக்கிழமை வருகிறான் என்பதையும் சொன்னேன்.

பெரட்டு அண்ணன் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கடையில் காத்தாடி கடகடவென்று சத்தம் போடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆளுங்க காணாமப் போயிரக் கூடாதுன்னுதாம்மா கூப்பிட்டேன்," என்றார். "காணாமப் போனாத்தான் பொழைக்க முடியும்னு ஒருத்தர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கவில்லை. அவர் ஏற்கெனவே அடிபட்ட மாதிரி நின்றார்.

நாற்காலியில் ஏறி அட்டையைக் கழற்றினார். அப்போது வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நம்பர் பிளேட்டில் கெடா எழுத்து. ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான். அண்ணன் என்னையும் அட்டையையும் சேர்த்துக் கவுண்டருக்குப் பின்னால் தள்ளினார். குண்டு லெட்சுமிக்கு வந்த வாஷிங் மெஷின் பெட்டி அங்கே இருந்தது. அதன் மறைவில் குந்தினேன். இருநூறு பேர் வீட்டு நம்பர் என் மடியில் இருந்தது.

வீட்டுக்காரன் வெளியாட்களிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான்.

"வணக்கம்ணே. பாக்கியம்னு ஒரு அம்மா. என் வீட்டுக்காரிதான். கோவிச்சுக்கிட்டு வந்துருச்சு. எந்தத் தோட்டம்ணே?"

பெரட்டு அண்ணனிடம் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். ஆள் எங்கே என்று கேட்டால் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பதுவரை சொல்வார். நான் விரலைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாதே," என்றார்.

அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை. 

"உங்க வாய்ஸ்லதான் பேர் வந்துச்சு. கெடா பாக்கியம்னு."

கவுண்டரில் சீட்டுகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஓ, அந்தப் பாக்கியமா. அது போயிருச்சே லா. ரஹாங் பக்கம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்தத் தெரியாது. ரஹாங்கில் நான் தையல் கடையில் வேலை செய்கிறேனாம். சர்க்கரை வியாதியாம். ஆள் பாதியாக இளைத்துவிட்டேனாம், பார்த்தால் அடையாளம் தெரியாதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எனக்குப் பேரப்பிள்ளை வந்திருக்கும். எந்தத் தையல் கடை என்பது மட்டும் தெரியாது என்று முடித்தார். பிறகு பழக்க தோஷத்தில் கேட்டார்.

"தகவல் கிடைச்சா கூப்பிடுறேன். நம்பர் குடுங்க. ஐசியும் காட்டுங்க."

அவனும் கொடுத்தான். குத்தின பேரோடு சட்டை போட்ட ஆள் கேட்டால் யாரும் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

கார் போனதும் என்னை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். முன்பும் ஒரு தடவை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இந்தத் தடவை மோட்டார் பின்னால் உட்கார்ந்திருந்தேன், திரும்ப முடியவில்லை. அவன் ஐசி நம்பர் கேட்டார்கள். போன் நம்பர், கார் நம்பர் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அண்ணன் சுவரைப் பார்த்தபடி மூன்றையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கு எப்போது பிறந்த நாள் என்றும் கேட்டார். பிறகு கோர்ட்டில், அவன் எங்கள் பக்கம் வரக் கூடாது என்று காகிதம் கிடைத்தது.

போலீஸுக்குப் போன அன்றைக்கே அண்ணன் குரூப்பை மூடினார். அட்டையைத் தின்னர் போட்டுத் துடைத்தார். ஒரு பேர் மிச்சமில்லை. குண்டு லெட்சுமி கடைக்கே வந்து, தான் இருக்கிறாளா என்று இனிமேல் யார் கேட்பது என்று சண்டை போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பெரட்டு நடந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரனுக்கு அண்ணன் குரல் போகும். 'எந்திரிச்சாச்சா? நல்லா இருக்கீங்களா?' அவ்வளவுதான். ஆள் எடுக்காத பார்சல்களின் விவரமும் போகும். மாதம் முடிவதற்குள் அவன் நம்பரை மாற்றிவிட்டான். அண்ணன் செய்தது தப்புதான். நான் தடுக்கவில்லை.

எனக்கு இப்போது புது நம்பர். பார்சல் வந்தால் சீட்டில் என் நம்பர் இருக்காது. அந்த இடத்தில் தன் நம்பரைப் போட்டிருப்பார். சாயங்காலம் லயத்து முனையில் மோட்டாரை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பகாவில் அவர் கேட்காத நம்பர் என்னுடையது ஒன்றுதான்.

காலையில் ஆறு மணிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பேன். போன் சும்மா கிடக்கும். யாரும் கூப்பிடுவதில்லை. இருந்தாலும் மகள் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு தடவை, மெதுவாக, 'இருக்கேன்ண்ணே' என்று சொல்லிக்கொள்வேன்.