பதுளைக்குப் போன கதவு

அரசாங்கம் கேட்ட அத்தாட்சியை அப்படியே கொண்டுபோய்க் காட்டிய ஒரே மனிதர் எங்கள் கதவுக்காரர்தான். அதனாலேயே அவருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை.

பெரகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கலவரத்தின்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். அவர் மனைவி ரவிக்கை தைத்த மெஷினும் உள்ளே போயிற்று. இருவருக்கும் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. தேயிலையே இல்லாத ஊரில் இறங்கினால் மெஷின்தான் சோறு போட வேண்டும். கப்பல் ஏறுவதற்குள் நட்டஈட்டை வாங்கி இன்னொரு மெஷின் எடுத்துவிடத் தவித்தார்.

'எரிந்ததற்கு அத்தாட்சியுடன் வரவும்' என்று பதுளை அரசாங்க அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சிங்களமும் படித்தவள். லயமே கூடி நிற்க, செய்தி வாசிப்பதுபோல் வாசித்து விளக்கினேன். மறுநாள் காலை அவர் கரியேறிய கதவோடு பஸ்ஸுக்கு நின்றார்.

"என்னங்க இது?"

"எரிஞ்சதுக்கு அத்தாட்சி கேட்டாங்கன்னு நீதான தாயி படிச்ச?"

"கடுதாசியத்தான கேக்கிறாங்க."

"கடுதாசி பொட்டியில இருந்துச்சு. பொட்டி வீட்டுல இருந்துச்சு."

கண்டக்டர் கதவுக்கும் டிக்கட் கேட்டார்.

"போடு தம்பி. ஆனா அதுக்கு ஒக்கார எடம் குடுக்கணும்."

கதவு பஸ் கூரையில் ஏறியது. சிங்களம் பேச நானும் கூடப் போனேன்.

அலுவலகத்துக் கிளாக்கர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது இவருடைய கதவுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். கதவுக்காரர் அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துப் பூட்டில் போட்டுத் திருப்பினார். 'டக்' என்றது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கதவு சரி, வீடு யாருடையது என்றார் கிளாக்கர். தோட்டத்தினுடையது. அப்படியானால் தோட்டம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்து ஆபீசிலோ, "கட்டடந்தான் எங்களுது. மெஷினு ஒங்களுது" என்றார்கள். திரும்பவும் பதுளை. மெஷினுக்கு ரசீது எங்கே?

"அடுத்த வாட்டி எரிக்க வாறவங்கள, ரசீத மட்டும் வெளிய எடுத்து வச்சிட்டு எரிக்கச் சொல்றேன்னு சொல்லு தாயி."

அதை மட்டும் நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

இப்படியே மாதாமாதம் கதவு பதுளைக்குப் போய் வந்தது. பஸ்ஸில் உரசி உரசிக் கரியெல்லாம் உதிர்ந்து வெளுத்தது. போன தடவை இதைவிட அதிகமாக எரிந்திருந்ததே என்று கிளாக்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கப்பல் காத்திருக்குமா? மெஷின் இல்லாமலே இருவரும் ரயிலேறித் தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனார்கள்.

அதன்பிறகு விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. நான் போனேன். ஆள் இந்தியா போய்விட்டார், நட்டஈட்டை அந்த விலாசத்துக்காவது அனுப்புங்கள் என்றேன்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்றார் கிளாக்கர்.

எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது.

"மகள்" என்றேன்.

அத்தாட்சி கேட்டார். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லும்படி சொன்னார். யோசித்தேன். மறுபடியும் மகள் என்றே சொன்னேன்.