இடுப்பிலிருந்து வந்த சேதி

உடம்பு சொல்வதைக் கேட்டு நடப்பது என்று முடிவு செய்தேன். வீட்டில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்து அலுத்துவிட்டது.

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறோம் என்று முதலாளி எங்களுக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்தார். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள், விற்பனைக்கு வைத்திருந்த கம்மோடுகளின் மூடிமேல் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். கையை எங்கும் வைக்காமல் இதயம் துடிப்பதைக் கேட்கச் சொன்னார். முதல் நாள் எனக்கு ஏசிதான் கேட்டது. போகப் போக இதயம் கேட்டது. பிறகு வயிறு, காதுமடல், உள்ளங்கை என்று ஒவ்வொன்றாக வாய் திறந்தன. எரிச்சல் நாக்குக்கு வருவதற்கு முன்பே வயிற்றில் தெரிந்தது.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"உடம்பு பேசும். நாமதான் கேக்கறதில்ல."

"நான் கூடத்தான் பேசறேன்."

"இது உள்ளேருந்து வர்ற குரல்."

"நானும் அடுப்படி உள்ளேருந்துதான் கத்தறேன். தட்டை வெச்சுக்கிட்டு ஏன் கண்ணை மூடறீங்க?"

"இது பசியா, சும்மா சலிப்பான்னு வயித்தைக் கேக்கறேன்."

"அது பதில் சொல்றதுக்குள்ள ஆறிடும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் கேரம் இறுதி ஆட்டம். எதிலும் நான் இறுதிவரை வந்தவனில்லை. இதில் வந்திருந்தேன். அதே ஞாயிறு மச்சான் வீடு மாறுகிறாராம். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு.

"எங்க அண்ணன் உங்களைத்தான் நம்பியிருக்கார்" என்றாள்.

கேரம் என்று சொன்னால் எடுபடாது. சனிக்கிழமை சாயங்காலம் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

"என்னாச்சு?"

"இடுப்புலேருந்து ஒரு சேதி வருது."

"என்னவாம்?"

"பாரம் தூக்காதேங்குது."

"பீரோன்னு பேர் சொல்லிச்சா?"

"பொதுவாத்தான் சொல்லுது."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகத்தில் ஒரு டாக்டரின் அமைதி.

"பொய் சொன்னா நெஞ்சு எகிறும்னு அந்தம்மா சொல்லித் தரலியா?"

"அது... அப்புறம் வர்ற பாடம்."

"சரி. இடுப்பு வலிக்குதா?"

"வலிக்குது."

தடக்கென்றது. எனக்கே கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும். கேட்கத் தெரியாததால் நிம்மதியாக இருந்தேன். இப்போது காதுமடல் சுட்டது. உள்ளங்கை கசிந்தது. வயிறு ஒரு புரள் புரண்டது. உடம்பு மொத்தமாக மச்சான் கட்சியில் சேர்ந்துவிட்டது.

"ம்" என்றாள். பிடி இறுகியது. "எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

தடக், தடக்.

"ம்."

இந்த இரண்டாவது 'ம்'மை என்னால் தாங்க முடியவில்லை. அவள் விரலடியில் என் ரகசியம் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தது.

"வலிக்கலை! எந்தப் பக்கமும் வலிக்கலை! நாளைக்கு கேரம் ஃபைனல். போதுமா? கையை விடு."

விட்டாள். அண்ணனுக்கு போன் போட்டாள். "அவருக்கு உடம்பு நல்லாயிருக்குண்ணா, காலையிலேயே வந்துடுவார்."

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பீரோவின் அடிப்பாகம் என் தோளில் இருந்தது. மேல்பாகத்தை மச்சான் பிடித்திருந்தார். கீழே, தலையணையுடன் அவள் வந்துகொண்டிருந்தாள். நான் வராததால் எதிராளிக்கு ஆடாமலே வெற்றி, வாக்-ஓவர், கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. தோல்வியிலும் ஒரு மரியாதை வேண்டுமல்லவா. அவளுடைய தேர்ந்த கைக்குத்தான் தோற்றோம் என்று தெரிந்துகொள்ள விரும்பி, கீழே அவளுக்குக் குரல் கொடுத்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நாடி பாக்க எங்க கத்துக்கிட்ட?"

"நாடியா? அது எந்தக் கையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீங்க எந்திரிச்சுப் போயிடக் கூடாதுன்னு பிடிச்சேன்."