கெல்பியின் தலைமுடி விஷயமாக

ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் குன்னர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்லிசின் கணவன் வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மார்லிஸ் நலம், நாய் நலம். ஏரியில் பனிக்கட்டிகூட இன்னும் ஓர் ஆளின் கனத்தைத் தாங்கும் அளவுக்கு நலம். எங்கள் மகன் கெல்பியின் தலை ஒன்றுதான் நலமாக இல்லை. உங்கள் முழங்கால், உங்கள் லாரி, உங்கள் தோட்டத்து வேலி ஆகிய மூன்றும் சுகமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். வேலியைக் குறிப்பாக விசாரிக்கிறேன். ஏனென்றால் அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் பல்கலைக்கழக நாடகத் துறைத் தலைவர் ராட்கே அம்மையார் குடியிருக்கிறார்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, போனில் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கோபிக்க வேண்டாம் மச்சான். காது மந்தமான பிறகு நீங்கள் போனில் பேசுவது பக்கத்து வீட்டுக்கு மட்டுமல்ல, அடுத்த தெருவுக்கும் கேட்கிறது. "என்னது, கெல்பி தலையை யாரு வெட்டினது?" என்று நீங்கள் ஒரு தடவை கேட்டால் போதும், அம்மையார் காபிக் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்துவிடுவார். அதனால்தான் கடிதம்.

உங்கள் மருமகன் கெல்பி நாடகத் துறையில் சேர்ந்த அன்று அவனுக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். சேர்ந்ததும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் படித்தேன். நான் ராணுவத்தில் இருந்தவன், மச்சான், கட்டுப்பாடு எனக்குப் புதிதல்ல. ஆனால் ராணுவத்தில்கூட மணிக்கு வந்தால் சரியாக வந்ததாகத்தான் அர்த்தம். இங்கே ஒத்திகைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தால் அது தாமதமாம். முன்கூட்டியே வந்து, கோட்டைக் கழற்றி, போனை அணைத்து, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கொடுத்த வேஷத்தை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டும். ராஜா வேஷம் கேட்டவனுக்கு மேடைக்குப் பின்னால் ஏணி பிடிக்கும் வேலை வந்தாலும் நன்றி சொல்ல வேண்டும். வேஷ உடையில் இருக்கும்போது தண்ணீர் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேஷம் கிடைத்த நாள் முதல் கடைசிக் காட்சி முடியும்வரை, எழுத்தில் அனுமதி வாங்காமல் தலைமுடியில் கத்தரி படக்கூடாது. ராணுவத்தில் முடியை வெட்டு என்று அடித்தார்கள். இங்கே வெட்டாதே என்று அடிக்கிறார்கள். ஒரு முடிதிருத்துபவன் மகன் இந்த இரண்டாவது இடத்தில் போய்ச் சேர்ந்தானே, அதை என்னவென்று சொல்ல!

தப்பு செய்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் ஆசிரியர்கள் கூடிப் பேசி ஆளைத் துறையை விட்டே அனுப்பிவிடலாம். கெல்பிக்கு ஏற்கனவே இரண்டு விழுந்துவிட்டன. முதலாவது டிசம்பரில், ஒத்திகைக்குத் தாமதமாகப் போனதற்கு. வழியெல்லாம் அவனுக்கு முன்னால் பனி தள்ளும் லாரி ஒன்று ஆமைபோல ஊர்ந்திருக்கிறது. முந்திப் போகவும் முடியவில்லை. அது யார் லாரி என்று உங்களிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இப்போது நிலைமை இப்படி ஆகிவிட்டதால் சொல்கிறேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்துக் கையசைத்தீர்களாம். அவனும் பதிலுக்குக் கையசைத்தானாம். இரண்டாவது எச்சரிக்கை வறுத்த சீஸ் உருண்டையால் வந்தது. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றை வாயில் போட்டான், எண்ணெய் மார்பில் சொட்டிவிட்டது. அதற்கு, சீஸுக்கு உயிரை விடும் நம் மாநிலத்தில் பிறந்ததைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இப்போது இந்த வசந்தகால நாடகத்தில் அவனுக்குக் கதாநாயகன் வேஷம். கலங்கரை விளக்கைக் காக்கிறவன், விளக்கேற்ற வேண்டிய நேரத்தில் கள்ளுக்கடையில் கிடக்கிறான். அவன் மனைவி கடைக்குள் நுழைந்து அவனுடைய நீண்ட தலைமுடியைப் பிடித்து மேடை முழுக்க இழுத்துக்கொண்டு போகிறாள். அந்தக் காட்சிதான் நாடகத்தின் உயிர் என்று ராட்கே அம்மையார் சொல்லியிருக்கிறார். நாடகத்தை இயக்குவதும் அவர்தான். பொய்முடி வைக்கக்கூடாதா என்று நான் அப்போதே கேட்டேன்.

"பொய்முடி வெச்சா ஜோலின் இழுக்கற இழுப்புல முடி அவ கையோட போயிடும், நான் இங்கயே கெடப்பேன் அப்பா. ஜனம் சிரிச்சுடும்" என்றான். ஜோலின்தான் மனைவியாக நடிக்கும் பெண். வீட்டில் வைக்கோல் கட்டு தூக்கிப் பழகியவள்.

ஆகவே இலையுதிர் காலத்திலிருந்து அவன் முடி வளர்த்தான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள் மச்சான். நான் சலூன் வைத்திருக்கிறேன். என் மகன் கிறிஸ்துமசுக்கு வந்து வாசலில் நின்றால், வாடிக்கையாளர்கள் அவனைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு என் கத்தரியைப் பார்க்கிறார்கள். பால்பண்ணை டுவைட் இருக்கிறானே, அவன் நாக்கில் எலும்பே கிடையாது. "வெர்லின், பையன் தலையில வாத்து ஏதாச்சும் முட்டை வெச்சிருந்தா சொல்லு, நாங்க சத்தம் போடாம இருக்கோம்" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

வெள்ளிக்கிழமை கெல்பி வந்தான். எல்லாரும் தேவாலயத்தில் மீன் வறுவல் சாப்பிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் டுவைட்தான் கடைசி ஆள். அவன் போனதும் கெல்பி சலூனுக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்து வசனத்தை முணுமுணுத்தபடியே தூங்கிப்போனான். வாரம் முழுக்க ஒத்திகை, பாவம். நான் தரையைப் பெருக்கிக்கொண்டு அவன் தலையைப் பார்த்தேன். நுனியெல்லாம் பிளந்து, துடைப்பம் மாதிரி இருந்தது. நுனியைச் சீர்செய்வது வெட்டுவது ஆகாது, இது என் தொழில் கருத்து. கையேட்டிலும் நுனி என்று எங்கும் போடவில்லை. நுனியை மட்டும் எடுக்கலாம் என்று கத்தரியை எடுத்தேன். சத்தியமாக நுனியை மட்டும். அந்த நேரம் பார்த்து, மறந்துபோன தொப்பியை எடுக்க டுவைட் திரும்பி வந்தான். காற்று கதவைப் பிடுங்கி அறைந்தது. பையன் அசையக்கூட இல்லை, என் கைதான் துள்ளிவிட்டது. இடது காதுக்கு மேலே இருந்த ஒரு கொத்து முழுசாகத் தரையில் கிடந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் குறைந்த தலையைப் பார்த்துக்கொண்டு எந்த முடிதிருத்துபவன் சும்மா இருப்பான்? வலது பக்கத்தைச் சமன் செய்தேன். அது இன்னும் மேலே போய்விட்டது. அதற்கேற்ப இடது. பிறகு பின்பக்கம். டுவைட் போகவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து யோசனை சொன்னான். "வலது பக்கம் கொஞ்சம் தொங்குது வெர்லின்... இப்ப இடது... அட, இப்ப நடுவுல மேடு தெரியுதே." கடைசியில் மெஷினை எடுத்தேன். அந்தச் சத்தத்தில்தான் பையன் கண்ணைத் திறந்தான். கண்ணாடியைப் பார்த்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். டுவைட்கூடத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவன் போலப் போய்விட்டான்.

மார்லிஸ் பார்த்ததும், "வெர்லின், உனக்குக் கை அரிச்சா நாய்க்கு வெட்ட வேண்டியதுதானே! அதுக்கு வேஷமா குடுத்திருக்காங்க?" என்று ஆரம்பித்தவள் இன்னும் முடிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் நானே ஒரு வழி சொன்னேன். "பேன் வந்துடுச்சு, டாக்டர் சொல்லி வெட்டினோம்னு சொல்லிடு" என்றேன். கெல்பி முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பொய்யின்னு தெரிஞ்சா எச்சரிக்கையெல்லாம் கிடையாதுப்பா. நேரா வெளியதான். வேணாம்" என்றான். அவன் அப்படித்தான் மச்சான், பிறந்ததிலிருந்து அவனுக்குப் பொய் வராது. இந்தத் துறையில் சேர அவன் ஒரு வருஷம் மரக்கடையில் வேலை பார்த்துக் காத்திருந்தான். மேடையில் அவன் நின்றால் எனக்கே அவன் யாரோ பெரிய ஆள் மாதிரித் தெரிகிறது. என் கையே அதைக் கெடுத்துவிட்டதே என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

இன்று மதியம் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காரை எடுத்துப் போய்விட்டான். நாளை மாலை ஒத்திகை. வியாழக்கிழமை ஆசிரியர்கள் கூட்டம். நானே போய் அம்மையாரின் காலில் விழலாம் என்றால் அதற்கும் விதி இருக்கிறது. மாணவனுக்காகத் தாயோ தகப்பனோ ஆசிரியர்களிடம் வந்து பேசக்கூடாது, அவன் பேச்சை அவனே பேச வேண்டும். நான் வாய் திறந்தால் அவனுக்குத்தான் கெடுதல். ஆனால் மச்சான், அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். தாய்மாமனைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்தவுடன், நீங்கள் பனி தள்ளுகிற சாக்கில் வேலியருகே போங்கள். முதலில் வானிலையைப் பற்றிப் பேசுங்கள். அவர் வாசலிலிருந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். அவர் நன்றி சொல்லும்போது, போகிற போக்கில் சொல்வது போல உண்மையைச் சொல்லிவிடுங்கள். வெட்டியது வெர்லின், பையன் தூக்கத்தில் இருந்தான், தப்பு முழுக்க வெர்லினுடையது. டுவைட் சாட்சி. இதை மெதுவான குரலில் சொல்லுங்கள். அதாவது உங்களுக்கு மெதுவாக இருக்கும் குரலிலும் பாதியாக.

உங்கள் லாரிக்கு முன்னால் பனியும் பின்னால் பொறுமைசாலிகளும் எப்போதும் இருக்கட்டும். முழங்காலை ஆண்டவர் காப்பாற்றட்டும். மார்லிஸ் அன்பு சொல்லச் சொன்னாள், என்னைப் பற்றி வேறு சிலவும் சொல்லச் சொன்னாள், அவற்றை எழுதவில்லை.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வெர்லின்

பின்குறிப்பு - திங்கட்கிழமை மத்தியானம்.

மச்சான், மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். வேலிப்பக்கமே போகாதீர்கள். கடிதத்தை அனுப்பாமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்றே மார்லிஸ் உங்களுக்குப் போன் செய்து, "வெர்லின் லெட்டர் போடறான், அதைப் படிச்சுட்டு கெல்பிக்காக அந்த அம்மாகிட்ட போய்ப் பேசு" என்று சொல்லித் தொலைத்துவிட்டாளாம். கடிதம் வராவிட்டால் நீங்களாகவே போய்ப் பேசிவிடுவீர்கள். அதனால் இது வந்தே ஆக வேண்டும். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

கெல்பி இப்போதுதான் போன் செய்தான். காலையில் முதல் ஆளாக அம்மையார் அறைக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே தொப்பியைக் கழற்றியிருக்கிறான். "நானே வெட்டிக்கிட்டேன் மேடம். ராத்திரி ஏதோ வெறி, கண்ணாடி முன்னாடி நின்னு வெட்டிட்டேன். அனுமதி கேக்கல, தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டான். பொய்யே வராத பையன்! நாடகத் துறை நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

"ஏன்டா அப்படிச் சொன்னே? வெட்டினது நான்தானே?" என்று கேட்டேன்.

"நீ நாடகம் பாக்க வருவேல்லப்பா. முதல் வரிசையில உக்காருவே. மொத்த ட்ரூப்பும் உன்னைக் கை காட்டிச் சிரிக்கணுமா?" என்றான்.

சலூனில் ஆள் இருந்தது, சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அம்மையார் வேஷத்தைப் பறிக்கவில்லை. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் மூன்றாவது எச்சரிக்கையும் எழுதவில்லை, கூட்டத்தில் இந்தப் பேச்சும் வராது. முடி இல்லாவிட்டால் என்ன, ஜோலின் காதைப் பிடித்து இழுக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். ஆனால் வெட்டியது நான் என்று ஒரு சொல் வெளியே வந்தால் பையன் பொய் சொன்னது தெரிந்துவிடும், அப்புறம் நேரே வெளியேதான். டுவைட் வாயை அடைக்க அவனுக்கு ஆயுள் முழுக்க இலவச ஷேவிங் என்று சொல்லியாயிற்று.

அவன் சொன்னதை அவர் எப்படி நம்பினார் என்று கேட்டேன். அவன் முதலில் சொல்ல மாட்டேன் என்றான். பிறகு சொன்னான். "ரொம்ப நேரம் சுத்திச் சுத்திப் பாத்தாங்கப்பா. அப்புறம், 'சரி, நம்பறேன். கத்தரி பிடிச்சுப் பழகின எவனும் இதைப் பண்ணிருக்க முடியாது'ன்னாங்க."

முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன் மச்சான். உங்கள் கல்யாணத்துக்கு உங்களுக்கு வெட்டியதும் நான்தான். அம்மையார் என்றைக்காவது வேலியருகே அந்தத் தலையைப் பற்றிச் சிரித்தால், நீங்களும் கூடச் சிரித்துவிடுங்கள். இந்தக் கோலத்தோடு ஒத்திகைக்கு வராதே, டவுனில் நல்ல சலூனாகப் பார்த்துச் சரிசெய்துகொண்டு வா என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். போ என்றேன். எவன் வெட்டினாலும் டிப்ஸ் தாராளமாகக் கொடு, அந்தத் தலையைச் சரிசெய்வது லேசான வேலை இல்லை என்றும் சொன்னேன்.