மந்திரித்த கரண்டியும் எட்டுப் பவுண்டும்

வயிறு முட்டத் தின்னலாம், எடையும் குறையும்! இந்த நற்செய்தி காதில் விழுந்தால் செத்தவனே எழுந்து தட்டைத் தேடுவான். அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் நார்பி ஊரில் எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? மூச்சுக்காற்றே மீசையில் பனியாக உறையும் ஜனவரியில், புதன்கிழமைதோறும் தேவாலயக் கீழ்க்கூடத்துக்குத் தெருமுனை வரை வரிசை.

எழுந்தருளியிருந்த மகான் பிரதர் ஆர்லோ டிம்பெல். அவர் ஜெபித்துத் தரும் கரண்டியால் எதைத் தின்றாலும் கொழுப்பு ஒட்டாதாம். கரண்டி நாற்பத்தொன்பது டாலர். அதே கரண்டி மூலைக்கடையில் ஒரு டாலர்தான். பாவம், அது ஞானஸ்நானம் பெறாத கரண்டி.

அத்தாட்சியும் உண்டு. உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே எடை பார்ப்பார்கள். பாலாடைக்கட்டி உருகி வழியும் உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் ஆப்பிள் பை எனும் இனிப்பு அப்பமும் மூக்கு முட்டத் தின்றபின், புறப்படுகையில் மறுபடி எடை. ஏறிய அத்தனை பேருக்கும் குறைந்திருக்கும்! வாரவாரம் எட்டுப் பவுண்டு குறைந்தவர்கள் இந்நேரம் காற்றில் பறந்திருக்க வேண்டுமே என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்லிஸுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் கால்நடைச் சந்தையில் இருபத்திரண்டு வருஷமாகப் பன்றிகளை எடை போடுகிறவள். அவள் புருஷன் டுவேனுக்குச் சர்க்கரை வியாதி. ரொட்டியைக் குறைத்து, இனிப்பை விட்டு, கீரையோடு மல்லுக்கட்டி ஒரு வருஷத்தில் பதினான்கு பவுண்டு இறக்கியிருந்தான். கரண்டி வந்த பிறகு மூன்றே வாரத்தில் பாதி திரும்பி வந்துவிட்டது. கால் பெருவிரல் புண் ஆறாமல் பழுத்தது. இப்படியே தின்றால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வீட்டுத் தராசுல ஏறிக்கிட்டே போகுதே, டுவேன்?"

"அது விசுவாசம் இல்லாத தராசு, மார்லிஸ்."

இதற்கு மேல் பேசி என்ன பயன்? நான்காம் புதன்கிழமை அவளும் கூடப் போனாள். வாசலில் ஏறினாள்: நூற்றெழுபது. டுவேன் இருநூற்று அறுபத்தொன்று. பிறகு இருவரும் எல்லோரையும் போலக் கோட்டையும் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவளும் கரண்டியால்தான் தின்றாள், குறை வைக்கவில்லை.

புறப்படும் வேளை. டுவேன் ஏறினான். இருநூற்று ஐம்பத்து மூன்று.

"எட்டுப் பவுண்டு! அல்லேலூயா!" என்று பிரதர் அலறினார். கூட்டம் கண்ணீர் விட்டது.

மார்லிஸ் நிதானமாகக் கோட்டை மாட்டி, பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சகோதரி, அதையெல்லாம் கழட்டிட்டு ஏறுங்க!"

"வரும்போது கழட்டச் சொல்லலையே, பிரதர்?"

"அப்ப நடுங்கிட்டு வந்தீங்க. ஒரு இரக்கம்தான்."

"இப்பவும் குளிருது. கரண்டி மகிமைக்குக் கோட்டு குறுக்க நிக்குமா என்ன?"

ஏறினாள். நூற்றெழுபத்து மூன்று.

"விசுவாசக் குறைவு!" என்றார் பிரதர்.

"எனக்குக் குறைவு, சரி. எம் புருஷனுக்கு மூட்டை மூட்டையா இருக்கு." டுவேனின் கோட்டையும் பூட்ஸையும் தூக்கித் தராசு மேடையில் போட்டாள். முள் பதினொன்றில் நின்றது. "பாத்துக்குங்க. நீங்க குறைச்ச எட்டு, அவர் தின்ன மூணு. கணக்கு சரியா இருக்கா?"

கூட்டம் தத்தம் கோட்டுகளைத் திரும்பிப் பார்த்தது.

"பன்னிக்குத் தண்ணி காட்டி எடை ஏத்துறவனை வருஷக்கணக்கா பாக்குறேன். கோட்டைக் கழட்டி எடை இறக்குறவனை இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

பிரதர் ஆர்லோ பின்கதவு வழியாக ஓட்டம் பிடித்தார். அவசரத்தில் தம் கோட்டையும் விட்டுவிட்டார். ஆக, அவருக்கும் அன்று எடை குறைந்தது.

டுவேன் கரண்டியை மேஜைமேல் வைத்தான். மறு கையில் ஆப்பிள் பைத் துண்டு இருந்தது.

"மார்லிஸ், விரலு தப்பிக்குமா?"

"தெரியலை. காலைல முதல் ஆளா டாக்டரைப் பாப்போம். இப்ப அந்த ஆப்பிள் பைத் துண்டைக் கீழ வை."

வைத்தான். பக்கத்து மேஜை லவோன் அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "கரண்டி போகட்டும். முள்கரண்டி ஜெபிச்சுத் தர்றவர் யாராவது இருக்காங்களா?"

கோட்டை வாசலில் கழற்றி மாட்டுங்கள், அது ஊர் வழக்கம். கூடவே மூளையையும் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போகாதீர்கள்.