மூன்று வருடக் கிழங்கு

நான் பட்டியல் போடாமல் செய்த காரியம் எதுவும் கிடையாது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானத்தையும் முறையாகப் பட்டியல் போட்டுத்தான் தேடிக்கொண்டேன்.

வேதிப் பொறியியல் படித்து, பி.எட்.டும் முடித்து, கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம். சுழல் முறைப் பாடத்திட்டம் என்று ஒன்று தயாரித்தேன். ஒரே கருப்பொருளை எட்டாம் வகுப்பில் மேலோட்டமாகத் தொட வேண்டும். ஒன்பதில் மறுபடி வந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பத்தில் அடி வரை இறங்க வேண்டும். கருப்பொருள், மரவள்ளி. மலையில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். எட்டில் மாவுச்சத்து, ஒன்பதில் இலையிலும் கிழங்கிலும் உள்ள நஞ்சு, பத்தில் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்.

தலைமை ஆசிரியை புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. பெத்தவங்க கூட்டத்துல சொல்லிடு. ஆனா ஒருத்தர் டி.சி. கேட்டாலும் இதைச் சுருட்டி வெச்சிட்டுப் புத்தகத்தை எடுத்துடணும்."

பெற்றோர் என்னென்ன கேட்கலாம் என்று யோசித்துப் பதினோரு கேள்விகளும் பதில்களும் எழுதிக்கொண்டேன். (மனப்பாடமும் செய்தேன்.) கூட்டத்தில் பெரிய சுருள் வரைந்த அட்டையை மாட்டிவிட்டுப் பெருமையோடு தொடங்கினேன்.

"எட்டாவதுல கிழங்கு படிப்பாங்க. ஒன்பதாவதுலயும் அதே கிழங்கு. பத்தாவதுலயும் அதுக்கே திரும்பி வருவாங்க."

எல்லோரும் அட்டையையே பார்த்தார்கள். வியப்பில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்பு மல்லிகாவின் அப்பா சின்னசாமி எழுந்தார்.

"மொத்தப் புள்ளைங்களும் பெயிலா டீச்சர்?"

இது பன்னிரண்டாவது கேள்வி. என் தாளில் இல்லை.

"யாரும் பெயில் இல்லைங்கண்ணா. படிச்சதையே திரும்பவும் படிக்கப் போறாங்க."

"அத்தத்தான் நாங்க பெயிலுன்றோம்."

பக்கத்திலிருந்த அவர் மனைவி சொன்னார்: "நான்கூட அஞ்சாவது ரெண்டு தபா படிச்சேன். அப்ப யாரும் இப்படிப் படம் போட்டுக் காட்டல."

அட்டையைக் காட்டி விளக்கப் பார்த்தேன்.

"இன்னாது அது, கொசுவத்தியா?" என்றார் சின்னசாமி.

"சுருள்ணா. ஒவ்வொரு வருஷமும் உள்ள உள்ள போறோம்."

"உள்ள போயி கடேசில சாம்பல்தான?" சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. "எம்பொண்ணு கெழங்கு புடுங்கக் கூடாதுன்னுதான் இங்க கொண்ணாந்து வுட்டேன். இங்கயும் மூணு வருசம் கெழங்குதான்னா எங்கூடவே வந்து புடுங்கட்டும். டி.சி. குடுங்க."

பின்னால் இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். செயல்முறையில் காட்டினால் புரியும் என்று முடிவு செய்து, சமையலறையிலிருந்து ஒரு கிழங்கை வாங்கி வந்து, வெட்டி, அயோடின் சொட்டு விட்டேன். வெள்ளைக் கிழங்கு கருநீலமாக மாறியது. பரிசோதனை முழு வெற்றி.

"ஐயய்யோ, வெசம்! இதையா புள்ளைங்களுக்கு அவிச்சிப் போடுறீங்க?" என்று அலறினார் மல்லிகாவின் அம்மா.

இப்போது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் மூளை தன் வழக்கப்படி பட்டியல் போட்டது: ஒன்று, அழலாம். இரண்டு, கள்ளக்குறிச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து, அட்டை எழுத எனக்கு உதவிய மல்லிகா கத்தினாள்: "அது மாவுச்சத்துப்பா! கலர் மாறும், அவ்ளோதான். வெசம் வேற. அது ஒன்பதாவதுலதான் வரும்."

சின்னசாமி மகள் பக்கம் திரும்பினார். "எந்த வெசம்? நம்ம ஆடு எலைய தின்னு செத்துச்சே, அதா?"

"அதேதான்."

"எங்கண்ணன் ஆடும் அதே தோட்டத்து எலையதான தின்னுச்சி? அது மட்டும் நல்லா மேஞ்சிக்கினு கீதே, எப்படி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும். சொல்லியிருந்தால் அங்கேயே நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். ஆனால் என் அட்டவணையில் அது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இருந்தது.

"அது அடுத்த வருஷப் பாடம்ணா," என்றேன்.

"இப்ப சொல்லக் கூடாதா?"

"கூடாதுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரியான அழுத்தம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அதன்பின் டி.சி.யை யாரும் கேட்கவில்லை. மறு ஆண்டு அந்தப் பாடம் நடந்த அன்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மல்லிகாவின் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். காய்ந்த இலையில் நஞ்சு குறைந்துவிடும் என்று நான் சொன்னதும், "அண்ணன் ஆடு தின்னது காஞ்ச சருகு டீச்சர்!" என்று வகுப்புக்கே அறிவித்தார்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தவறு. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில் இப்போது பழைய குழம்பு என்ற பேச்சே இல்லை. நேற்றைய சாம்பாரைச் சுட வைத்து ஊற்றும்போது அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது.

"இன்னிக்கு ஒன்பதாவது சாம்பார். நாளைக்கும் மிச்சம் இருந்தா பத்தாவது."