நடுநிலையான் நேரில் வரவும்

"அப்பா, நீங்க திட்டுறது அந்த போனுக்குள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்குமா?"

லிஃப்ட்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. "கேக்கும் கண்ணு" என்றார் அவர். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஏன் அவங்க பதிலே சொல்ல மாட்டேங்கிறாங்க?"

இப்போது அவள் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். பதில் இன்னும் வரவில்லை.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஊரில் பாதிக் கட்டடங்களின் மொட்டைமாடி மோட்டார் அறைகள் அவருக்கு அத்துப்படி. வேலை நேரத்தில் மற்றவர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவார். ஓய்வு நேரத்தில், ஆட்சியில் இருப்பவர்களைக் கீழே இறக்க போனில் எழுதுவார். இரண்டாவது வேலையில் இதுவரை யாரும் இறங்கியதில்லை.

ஆனால் இந்த முறை விஷயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஏழாம் எண் பஸ்ஸை நிறுத்தப்போவதாகத் தெருமுனையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நஷ்டமாம். அந்த பஸ்ஸில் ஏறினால் நேரே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். லிஃப்ட்காரரின் அக்கா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அதில்தான் போய்வந்தாள். போகும்போது நிமிர்ந்து போவாள். திரும்பும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். ஏழாம் எண் நின்றுவிட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும், நடுவே ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். அதை அவளால் செய்ய முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்றைக்கே லிஃப்ட்காரர் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார். பெயர், 'ஏழாம் எண் எங்கள் உரிமை'. ஆட்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். அவர் ரத்தம் கொதிக்க எழுதுவார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைப் படங்கள் வந்து விழும். நடுவில் யாரோ தவறுதலாக ஒரு பிறந்தநாள் கேக்கை அனுப்புவார்கள்.

"எல்லாரும் ஒத்துக்கறாங்கல்ல, அப்புறம் என்னங்க?" என்றாள் மனைவி.

"ஒத்துக்கிட்டா போதுமா? கொதிக்க வேணாமா?"

"கொதிக்கணும்னா அடியில நெருப்பு வேணும்."

நெருப்பு என்று சொல்ல அந்தக் குரூப்பில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெயர் 'கொள்ளிக்கட்டை'. ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. போக்குவரத்து அலுவலக அதிகாரியைத் திட்டுவதற்கென்றே அவதாரம் எடுத்தவர்போல எழுதுவார். 'அந்த அதிகாரியின் வழுக்கை பளபளக்கிற அளவுக்கு மூளையும் பளபளத்திருந்தால் இந்த ஊர் எங்கேயோ போயிருக்கும்' என்று அவர் எழுதினால் லிஃப்ட்காரருக்கு அன்று முழுக்கப் பசிக்காது. ஆனால் ஒரு கொள்ளி போதவில்லை. மனைவி சொன்னதை யோசித்துப் பார்த்தார். நம்மை எதிர்க்க ஆளே இல்லை, அதுதான் குறை என்று முடிவு செய்தார்.

அலமாரியில் கிடந்த பழைய போனை எடுத்துத் துடைத்தார். 'நடுநிலையான்' பிறந்தான். படத்துக்கு ஒரு தராசு.

'நண்பர்களே, கோபிக்க வேண்டாம்' என்று நடுநிலையான் பணிவோடு தொடங்கினான். 'பஸ் நின்றால் என்ன குறை? நடப்பது உடம்புக்கு நல்லது. காலியாக ஓடும் பஸ் யார் வீட்டுப் பணத்தில் ஓடுகிறது?'

உடனே லிஃப்ட்காரர் தன் சொந்த போனில் பாய்ந்தார். 'உன்னைப்போல நாலு பேர் இருந்தால் போதும், நாடு உருப்பட்டுவிடும்!'

குரூப் எழுந்து உட்கார்ந்தது. கும்பிட்ட கைகள் மறைந்தன. ஆட்கள் வாயைத் திறந்தார்கள். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது.

அதன்பின் சட்டையின் இரண்டு பையிலும் இரண்டு போன். ஒருநாள் ஒரு குடியிருப்பில் லிஃப்டை நடுமாடியில் நிறுத்திவைத்துவிட்டு, மோட்டார் அறையில் உட்கார்ந்து தன்னோடு தானே மோதிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டிருந்தது மறந்தே போயிற்று. லிஃப்டிலிருந்து பேசுகருவி கரகரத்தது.

"அண்ணே, சரியாயிடுச்சா?"

"ஒரு நிமிஷம்மா. ஒருத்தனுக்குப் பதில் சொல்லிட்டு வந்துடறேன்."

"யாருண்ணே அவன்?"

"சரியான முட்டாள்மா."

வினை வேறு வழியில் வந்தது. எதிரியின் வாதம் வலுவாக இருந்தால்தான் நம் பதிலும் வலுவாக இருக்கும் என்று, தனக்குத் தோன்றிய நல்ல வாதங்களையெல்லாம் அவர் நடுநிலையானுக்கே தாரைவார்த்துவிட்டார். போதாததற்கு நடுநிலையான் யாரையும் ஒருமையில் பேசமாட்டான். லிஃப்ட்காரரோ பேசாத பேச்சில்லை. மெல்ல மெல்ல குரூப் அவன் பக்கம் சாய்ந்தது. ஊரில் பேக்கரி வைத்திருந்தவர் எழுதினார்: 'நடுநிலையான் ஐயா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.'

'ஐயா'வைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றே நடுநிலையானைக் கெட்டவனாக்கினார். இரண்டு தடித்த சொற்களை அவன் வாயில் போட்டார்.

'பாவம், அவ்வளவு பொறுமையான மனுஷனையே இந்த லிஃப்ட்காரர் இப்படிச் சீண்டிவிட்டாரே' என்றது குரூப்.

மறுநாள் நடுநிலையானை மனம் திருந்த வைத்தார். 'நான் சொன்னதெல்லாம் தவறு. பஸ் வேண்டும்' என்று எழுதினான் அவன்.

'ஐயாவை யாரோ மிரட்டியிருக்கிறார்கள்' என்று பேக்கரிக்காரர் கொதித்தார். 'ஐயா, பயப்படாதீர்கள். நாங்கள் இருக்கிறோம்.' சாயங்காலத்துக்குள் பாதிப்பேர் தங்கள் படத்தை எடுத்துவிட்டுத் தராசு வைத்துக்கொண்டார்கள்.

வேறு வழி தெரியாமல் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார். பேக்கரிக்காரர் ஒரு பிரிவுக் கவிதை எழுதினார். நன்றாகவே இருந்தது.

கோபம் கடவுள் கொடுத்த நல்ல கருவி. லிஃப்ட்காரரின் ஸ்பானரைப்போல, எதைத் திருக வேண்டுமோ அதைத் திருகத்தான் கொடுத்தார். மனிதன் அதை எடுத்துத் தன் மண்டையில் தட்டிப் பார்த்துக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்?

இந்த நிலையில் கொள்ளிக்கட்டையிடமிருந்து தனியே ஒரு செய்தி வந்தது.

'அண்ணே, குரூப்ல கத்தினா ஃபைல் நகராது. எல்லாரையும் நேர்ல கூட்டிட்டு வாங்க. நேர்ல வந்து ஆட்சேபம் சொன்னாத்தான் அதிகாரி மேலிடத்துக்கு மாத்தி எழுத முடியும். திங்கட்கிழமை விசாரணை. ஆனா ஒரு சிக்கல். மக்களே பஸ் வேணாங்கிறாங்கன்னு மேலிடத்துலேர்ந்து உங்க குரூப் பக்கங்களை அச்செடுத்து அனுப்பியிருக்காங்க. எல்லாம் அந்த நடுநிலையான் எழுதினது.'

இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று லிஃப்ட்காரர் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் நிலையில் அவர் இல்லை. அக்காவின் பஸ்ஸைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டோம் என்பது ஒன்றுதான் அவர் தலைக்குள் சுற்றியது.

அக்கா பக்கத்துப் போர்ஷனில் இருந்தாள். போய் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏண்டா, நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு எழுதினது நீயா?"

"ஆமாக்கா."

"நல்லா எழுதியிருந்தே. நான்கூட லைக் போட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரித்து முடித்துவிட்டு, டயாலிசிஸ் ஊசிக்குக் கட்டுப்போட்ட கையால் அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"திங்கட்கிழமை வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு."

"மானம் போயிடும்க்கா."

"போகட்டும். பஸ் போனாத்தான் கஷ்டம். இன்னொண்ணு கேட்டுக்கோ. அங்க வந்து என் உடம்பைச் சொல்லி அழக்கூடாது. நான் பாவம்னு யாரும் பஸ் விட வேணாம். டிக்கெட் வாங்கிட்டுப் போறேன். அது என் பஸ்."

திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகக் கூடம் நிறைந்திருந்தது. குரூப்பில் கும்பிட்ட கை தவிர வேறெதுவும் அனுப்பாதவர்கள்தான் முதலில் வந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, சீருடை மாற்றாத காவல்காரர் ஒருவர், பின்வரிசையில் சட்டையெல்லாம் மாவோடு பேக்கரிக்காரர். போன வாரம்வரை இவர்களை உப்புச்சப்பில்லாதவர்கள் என்று எண்ணியதற்காக லிஃப்ட்காரர் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நடுவில் பெரிய மேசை. அதன் பின்னால் வழுக்கைத் தலையோடு அதிகாரி. கல்லில் செதுக்கிய முகம்.

"பொதுமக்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருப்பதாக ஆவணம் வந்திருக்கிறது" என்று அவர் காகிதக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "நடுநிலையான் என்பவர் எழுதியவை. அவர் நேரில் வந்திருந்தால் முன்னால் வரவும்."

"அவர் வெளிநாடு போயிட்டார் சார்" என்றார் பேக்கரிக்காரர் சோகமாக.

லிஃப்ட்காரர் எழுந்தார்.

"போகலை சார். நான்தான் அது."

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு போன்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப நான் எழுதின கவிதை?" என்றது பின்வரிசை.

"படிச்சேன் சார். நல்லா இருந்துச்சு."

அதிகாரி மேசையைத் தட்டினார். "ஒருத்தர் தன்னையே எதிர்த்து இன்னொரு பேர்ல எழுதுவாரா? நம்புற மாதிரி இல்லையே."

"கேக்க ஆளே இல்லைன்னா மனுஷன் என்ன வேணா செய்வான் சார். பைத்தியக்காரத்தனம்தான். அதுக்கு நீங்க என்னைத் திட்டுங்க, தலையைக் குனிஞ்சுக்கறேன். பஸ்ஸை நிறுத்தினா குனிய மாட்டேன்."

அதிகாரிக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். பிறகு பழைய முகத்தோடு கேட்டார்.

"பஸ் வேண்டாம்னு சொல்ல நேரில் வந்தவங்க வேற யாராவது?"

எல்லோரும் பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அந்த மனுஷன் மரியாதையாப் பேசினார், அதனால பின்னாடி போனேன். என் கடையில வேலை செய்யற பொண்ணுங்க நாலு பேரும் ஏழாம் நம்பர்லதான் வராங்க. நிறுத்தினா விடியக்காலையில கடையைத் திறக்க ஆளிருக்காது. எனக்கு பஸ் வேணும் சார்."

அக்கா முன்வரிசை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நாங்க கெஞ்ச வரலை சார். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வருவோம். இதே பஸ்ல ஏறித்தான் வருவோம். நஷ்டம்னு சொல்றீங்களே, வந்துபோற டிக்கெட்டுல அதுவும் சரியாப்போகும்."

கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து வெகுநேரம் எழுதினார்.

"இந்தக் காகிதக்கட்டு செல்லாது. நேரில் வந்த ஆட்சேபம் ஏகமனதானது. நிறுத்தும் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதி மேலே அனுப்புகிறேன். பதில் வரும்வரை ஏழாம் எண் ஓடும்." எழுந்து, யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. பேக்கரிக்காரர் லிஃப்ட்காரரிடம் வந்து, "இனிமே என்கிட்ட பேசாதீங்க" என்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகப் படியிறக்கிக் கூட்டிப்போனார்.

லிஃப்ட்காரர் மட்டும் வாசலிலேயே நின்று போகிறவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக உதவியாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"எங்க குரூப்ல ஒருத்தர். கொள்ளிக்கட்டைன்னு பேரு. நேர்ல வரச்சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டதே அவர்தான். அவர் மட்டும் வரலையே."

"யார் சொன்னா வரலைன்னு?" உதவியாளர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கெல்லாம் முன்னாடி வந்து, மேசைக்கு அந்தப்பக்கம் உக்காந்திருந்தாரே. தினமும் எழுதி முடிச்சதும் என்கிட்டதான் வாசிச்சுக் காட்டுவார், வழுக்கை விஷயம் போதுமான அளவு உறைக்குதான்னு."

மறுநாள் மத்தியானம், ஒரு மோட்டார் அறையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு லிஃப்ட்காரர் போனைத் திறந்தார். கொள்ளிக்கட்டை ஏற்கெனவே வந்திருந்தார்.

'ஏழு தப்பித்தது. அடுத்தது பன்னிரண்டாம் எண்ணாம். அந்த வழுக்கைத் தலைக்கு வெட்கமே கிடையாது. திட்ட ஆளில்லையா? எல்லோரும் தூங்கிவிட்டீர்களா?'

லிஃப்ட்காரர் எழுந்து, யாருமில்லாத அந்த அறையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்து, தன் ஆயுளிலேயே யாருக்கும் காட்டாத மரியாதையோடு, அந்த அதிகாரியைக் கன்னாபின்னாவென்று திட்டி எழுதத் தொடங்கினார்.