கறுப்புக் குழம்பும் வெள்ளைச் சட்டையும்

அசன் முகைதீனின் தட்டில் கறுப்பாக ஒன்று விழுந்தது. தார் போடுகிற சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி ஊற்றியது போல அத்தனை கறுப்பு. உள்ளே துண்டு துண்டாக என்னவோ கிடந்தது. ஊற்றிய கேன்டீன் ஈஸ்வரி, "நல்லாருக்கும் பாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

"இது இன்னாப்பா?" என்று, முகத்தில் சிரிப்பு மாறாமல், பக்கத்தில் நின்ற பாக்கியராஜைக் கேட்டார்.

ஆலையின் கேன்டீன் ஸ்டோர் பாக்கியராஜின் பொறுப்பு. அவனுக்கும் அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "பிலிப்பைன்ஸ்காரங்க ஊர்ல பன்னி ரத்தத்துல ஒரு கொழம்பு வெப்பாங்களாம். அது கறுப்பாத்தான் இருக்குமாம்" என்று காதோடு சொல்லி வைத்தான். அசன் முகைதீன் அதற்குப் பிறகு தட்டைப் பார்க்கவேயில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்பாலைக்குப் புது உலை நிறுவ, பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு கூட்டம் இன்ஜினியர்கள் வந்து தங்கியிருந்தார்கள். கேன்டீன் சாம்பார் அவர்களை வந்த மாதமே பாதியாக்கிவிட்டது. உலையைவிட ஆள் முக்கியம் என்று நிர்வாகத்துக்குப் பட்டு, பழைய குடோன் ஒன்றை மூங்கில் தட்டி, ஓலைத் தொப்பி, வலை, ஒரு குட்டிப் படகு என்று ஜோடித்து, அவர்கள் நாட்டுப் பாரம்பரிய உணவுக்கூடமாக மாற்றியிருந்தது. ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு தீவின் பெயர் தொங்கியது. அந்தத் தீவுச் சமையல் அந்த மேஜையில். இன்று திறப்பு விழா. ஆலைக்குச் சரக்கு போடுகிறவர்களுக்குக் குடும்பத்தோடு அழைப்பு.

அசன் முகைதீன் இன்னும் சரக்கு போடுகிறவர் ஆகவில்லை. ஆகிவிடத்தான் வந்திருந்தார். பழவேற்காட்டில் அவருக்கு மீன் மண்டி. ஏரியில் விழும் பால்கெண்டையை, முள் அதிகம் என்று உள்ளூரில் சீந்த ஆளில்லை. பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்த மீனுக்கு உயிரையே விடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்தின் தலைவர் ரெய்னால்டோவைப் போய்ப் பார்த்தார். பாக்கியராஜ் மொழிபெயர்க்க, தன் மண்டியின் பெருமையை அவிழ்த்துவிட்டார். கடலைக்காரனோ கருவாட்டுக்காரனோ, தன் சரக்கைத் தானே வாயில் போட்டுக் காட்டாதவனிடம் தன் வாப்பா காலத்திலிருந்தே எதுவும் வாங்குவதில்லை என்று சொன்னபோது, ரெய்னால்டோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் கை கொடுத்தார். வெள்ளிக்கிழமை பால்கெண்டை, இறால், நண்டு, கடம்பா என்கிற கணவாய் என்று கூடை கூடையாக மாதிரி போயிற்று. ரெய்னால்டோ தலையாட்டினால் வருஷம் முழுக்க இவர் மீன்தான். அந்த நம்பிக்கையில் ஐஸ் பெட்டி வைத்த வண்டி ஒன்றையும் பேசி முடித்திருந்தார். ஆர்டர் வராவிட்டால் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

"கொழம்பு இன்னான்னு அவராண்ட கேட்டுட்டா தீந்துச்சு" என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி ஜாஹிதா. "இதுக்கு இன்னாத்துக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"விருந்து வெச்சவனாண்டயே பன்னியான்னு கேட்டா, ஆர்டர் குடுப்பானா? பேரம் முடியற வரைக்கும் மூஞ்சில சந்தேகத்தக் காட்டக் கூடாது. நீ பொம்பளைங்க பக்கம் போய் குந்து. சோறும் பழமும் மட்டும் துன்னு."

ஜாஹிதா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் போகாமல் அடுப்புப் பக்கம் போனாள்.

அவள் போன கையோடு ரெய்னால்டோ வந்தார். பூவேலை செய்த மெல்லிய சட்டை, குழந்தை முகம். தட்டில் எதுவும் குறையாததைப் பார்த்து அந்த முகம் வாடியது. அசன் முகைதீன் வயிற்றைத் தடவிக் காட்டி, காலையிலிருந்தே சரியில்லை என்று சொல்லச் சொன்னார்.

அது தப்பாகப் போயிற்று. ரெய்னால்டோ ஓடிப்போய்த் தன் கையாலேயே ஒரு கிண்ணம் எடுத்து வந்தார். புளி போட்ட சூப். வயிற்றுக்கு அதைவிட மருந்து கிடையாதாம். அதிலும் வெள்ளையாக என்னவோ மிதந்தது. கிண்ணம் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"நோம்பு. நோம்புன்னு சொல்லுப்பா" என்றார் அசன் முகைதீன்.

பாக்கியராஜ் சொன்னான். ரெய்னால்டோ மரியாதையாகத் தலைகுனிந்து, தன் கரண்டியையும் கீழே வைத்துவிட்டார். விருந்தாளி சாப்பிடாமல் அவர் சாப்பிட மாட்டாராம். தலைவர் வைத்தால் சும்மா இருப்பார்களா? இன்ஜினியர்கள் வரிசையாகக் கரண்டியை வைத்தார்கள். அதைப் பார்த்து ஆலை அதிகாரிகளும் கையை எடுத்தார்கள். வாய்க்குப் போன இறால் ஒன்று பாதி வழியில் நின்றது. கூடம் முழுக்கப் பசியோடு அவரைப் பார்த்தது.

பாக்கியராஜின் தட்டில் அப்போதுதான் ஒரு பெரிய நண்டு விழுந்திருந்தது. "வாசல்ல ஜூஸ் வாங்கி மடக்கு மடக்குனு குடிச்சீங்களே பாய், அப்ப எங்க போச்சு நோம்பு?" என்று பல்லைக் கடித்தான். "அத ரெய்னால்டோதான் ஊத்திக் குடுத்தாரு."

அசன் முகைதீன் சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் வயிற்றெரிச்சலில் எந்த வியாபாரமும் விளங்காது. "நோம்பு நாளைக்காம். நாள் கொழம்பிடுச்சாம்னு சொல்லு."

கூடத்தில் உயிர் வந்தது. ஆனாலும் எல்லோர் கண்ணும் அவர் தட்டில்தான். இருப்பதில் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டை எடுத்து உயர்த்தினார். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்த இமைப்பொழுதில் துண்டு சட்டைப் பாக்கெட்டுக்குள் போயிற்று. வெறும் வாயை நன்றாக மென்று, "ஏ ஒன்" என்று கட்டைவிரலைத் தூக்கினார்.

ரெய்னால்டோவுக்கு முகமெல்லாம் பல். இன்னொரு கரண்டி போட்டார். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாக்கெட்டுக்கே போயிற்று. உலகத்திலேயே முதல் முறையாக ஒரு பாக்கெட் விருந்து சாப்பிட்டது.

இந்த நாளுக்கென்று சொட்டு நீலம் போட்டு, கஞ்சி ஏற்றித் தேய்த்த வெள்ளைச் சட்டை. பாக்கெட்டின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. புள்ளி கோடாகி, கோடு கிளை பிரிந்து, வயிற்றில் பழவேற்காடு ஏரி போலப் பரந்துவிட்டது. அசன் முகைதீன் தட்டால் மறைப்பதற்குள் ரெய்னால்டோ பார்த்துவிட்டார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெருமூச்சு விட்டு, பாக்கியராஜிடம் நிதானமாக என்னவோ சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் நடந்தார். பாக்கியராஜ் அதை மொழிபெயர்க்கவில்லை; நண்டோடு பின்னாலேயே போய்விட்டான். வண்டி போயிற்று, மண்டிப் பெருமை போயிற்று, சட்டையும் போயிற்று. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று அசன் முகைதீன் மனதைத் தேற்றிக்கொண்டார். ஹராம் உள்ளே போகவில்லை.

அப்போது ஜாஹிதா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உதடெல்லாம் கறுப்பு.

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னா துன்ன நீ?"

"எல்லாந்தான்" என்று ஒரு ஏப்பம் விட்டாள்.

"அல்லாவே, அது பன்னிடி!"

தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரி நிமிர்ந்து, அவர் சட்டையில் இருந்த ஏரியை ஒரு தரம் பார்த்தாள்.

"பன்னியா? அது நாம கழுவிக் கீழ ஊத்தற கடம்பா மை பாய். இங்க கீறது அத்தினியும் வெள்ளிக்கெழம நீங்க அனுப்ச்ச கூடைதான். வித்தவரு மொதல்ல துன்னணும்னு நீங்கதான் சொன்னீங்களாமே, அதுக்குத்தான் அந்த மனுசன் உங்க பின்னாலயே சுத்தனாரு. ஒண்ணும் வேலைக்காவலன்னு, மூணு தபா வாங்கித் துன்ன அக்கா பேர்ல ஆர்டரப் போட்டுட்டாரு."